சென்னையில கண்டுபிடிச்ச ஆன்டிபயாடிக், நம்ம ஐசியு கிருமி: புது மருந்து யாரோட கிருமிக்கு தயாராகுது?

ஓஎம்ஆர்_வேதியன்:

2024 பிப்ரவரியில அமெரிக்க எஃப்டிஏ எக்ஸ்பிளிஃபெப்னு ஒரு ஊசி மருந்துக்கு அனுமதி குடுத்துச்சு. அதுல ரெண்டு மருந்து சேர்ந்து வருது, செஃபிபைம் பழசு, எல்லாருக்கும் தெரிஞ்சது, கூட வர்ற என்மெட்டாசோபாக்டம் தான் புதுசு. அதைக் கண்டுபிடிச்சது ஆர்க்கிட் கம்பெனி, நம்ம சென்னைக் கம்பெனி. ஆராய்ச்சிக்கூடம் இருந்தது சோழிங்கநல்லூர்ல. தினமும் அந்த ரோட்ல பஸ்ல போறவங்க எத்தனை பேருக்கு இது தெரியும்னு தெரியல, பேப்பர்ல வணிகப் பக்கத்துல ஒரு பத்தி வந்ததோட சரி.

நான் மருந்துக் கம்பெனியில (இது இல்ல, வேற) ப்ராசஸ் கெமிஸ்ட்ரி பாத்தவன், அதனால அந்த மூலக்கூறைப் பாத்தா எனக்கு வர்ற சந்தோஷம் கொஞ்சம் ஜாஸ்தி. ஏன்னு சொல்றேன். பென்சிலின் குடும்பத்து மருந்து எல்லாத்துலயும் பீட்டா லேக்டம்னு ஒரு நாலு முனை வளையம் இருக்கும். பாக்டீரியா பீட்டா லேக்டமேஸ்னு ஒரு என்சைம் தயார் பண்ணி அந்த வளையத்தை உடைச்சிரும், மருந்து செத்துரும். அதுக்குத்தான் மருந்தோட இன்னொரு மூலக்கூறையும் சேத்து குடுக்கறாங்க, அது என்சைமுக்குள்ள போய் சிக்கிக்கிட்டு என்சைமை முடக்கிரும், மருந்து தப்பிச்சு தன் வேலையைப் பாக்கும். ஆஸ்பத்திரியில அதிகமா ஓடுற பைப்பரசிலின் டாசோபாக்டத்துல டாசோபாக்டம் செய்றது அதைத்தான். ஆர்க்கிட்காரங்க அந்த டாசோபாக்டத்தோட ட்ரையசோல் வளையத்துல ஒரே ஒரு மெத்தில் தொகுதியை கூடுதலா ஒட்டினாங்க. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனா அதனால அந்த வளையத்துக்கு ஒரு நிரந்தர பாசிட்டிவ் சார்ஜ் வந்துருது, மூலக்கூறோட இன்னொரு பக்கம் ஏற்கனவே நெகட்டிவ் இருக்கு, ரெண்டும் ஒண்ணா இருக்கறதால கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவோட (சுவருக்கு வெளிய கூடுதலா ஒரு சவ்வு இருக்கற வகை) வெளிச்சவ்வைத் தாண்டி உள்ள போறது நல்லா நடக்குது. ஒரு கார்பன் மூணு ஹைட்ரஜன், அதுல இவ்வளவு மாற்றம்.

அல்லியம்னு பேர் வச்ச மூணாம் கட்ட சோதனையில ஆயிரம் பேருக்கு மேல சேத்தாங்க, சிக்கலான சிறுநீர்த் தொற்று உள்ளவங்க. புது மருந்துல 79.1 சதவீதம் பேருக்கு குணமாகி கிருமியும் போச்சு, பைப்பரசிலின் டாசோபாக்டத்துல 58.9 சதவீதம். பொதுவா ஆன்டிபயாடிக் சோதனைன்னா பழைய மருந்துக்கு குறைஞ்சு போகலைன்னு காட்டினாலே போதும்னு நடத்துவாங்க, இது ஒருபடி மேலன்னே காட்டிச்சு.

ஆனா கம்பெனி கதையையும் பாருங்க. 2013ல இதோட உரிமையை ஐரோப்பாவுல அலெக்ரான்னு ஒரு சின்ன கம்பெனிக்கு குடுத்தாச்சு, சோதனையெல்லாம் நடத்தினது அவங்க. 2017ல ஆர்க்கிட் திவால் நடவடிக்கைக்கு போச்சு, 2020ல தனுகாங்கற கம்பெனி வாங்கினாங்க. மூலக்கூறு பொழைச்சுக்கிச்சு, கண்டுபிடிச்ச கம்பெனி மூழ்கி எழுந்துச்சு. நான் கேக்கறது இதுதான், நம்ம ஊர்ல மூளை இருக்கு, லேப் இருக்கு, நோயாளியும் இருக்காங்க, அப்புறம் ஏன் மருந்து இவ்வளவு சுத்தி வருது? தெரிஞ்சவங்க எழுதுங்க.

கொங்குலேப்:

அண்ணா, மெத்தில் விஷயம் இவ்வளவு தெளிவா யாரும் சொல்லி நான் கேட்டதில்லைங்க. நான் மைக்ரோபயாலஜி லேப்ல டெக்னீசியனா இருக்கேன், கோயமுத்தூர் பக்கம், யூரின், ரத்தம், வென்டிலேட்டர்ல இருக்கறவங்க சளி, எல்லாம் எங்க பெஞ்சுக்குத்தான் வருது. அதனால நான் பாக்கறதை சொல்லிர்றேன்.

என்மெட்டாசோபாக்டம் அடிக்கறது இஎஸ்பிஎல்ங்கற வகை என்சைமை, அண்ணா சொன்ன பீட்டா லேக்டமேஸ்லயே நிறைய மருந்தை உடைக்கற வகை அது. வீட்ல இருந்து வர்ற யூரின் இன்ஃபெக்‌ஷன்லயே ஈகோலை இஎஸ்பிஎல்லா வர்றது எங்களுக்கு சாதாரணமா போச்சு. அதுக்கு டாக்டர்ங்க கார்பபெனம்ங்கற கடைசி கட்ட வகையைச் சேந்த மெரோபெனம் போடறாங்க, வேற வழியில்லாம. அப்படி மெரோபெனம் போட்டு போட்டுத்தான் அடுத்த கட்டத்துக்கு கிருமியைத் தள்ளி விட்டுட்டோம். அதனால மெரோபெனத்தைத் தொடாம இஎஸ்பிஎல்லை சமாளிக்க ஒரு மருந்து வந்ததே பெரிய விஷயம், அதை நான் குறைச்சு சொல்ல மாட்டேன்.

ஆனா எங்க ஐசியுவுல வர்ற க்ளெப்சியெல்லாங்கற கிருமிக்கு இது உதவாதுங்க. அதுல இருக்கறது மெரோபெனத்தையே உடைக்கற என்டிஎம், ஆக்சா 48ங்கற என்சைம்ங்க, பல சமயம் ரெண்டும் சேந்து. இதுல ஒரு விஷயத்தை நல்லா புரிஞ்சுக்கணும். இஎஸ்பிஎல், அமெரிக்காவுல அதிகமா இருக்கற கேபிசி, ஆக்சா 48 இதெல்லாம் செரின்னு ஒரு அமினோ அமிலத்தை வச்சு மருந்தை உடைக்கற என்சைம். டாசோபாக்டம், அவிபாக்டம் எல்லாம் போய் ஒட்டிக்கறது அந்த செரின்ல. என்டிஎம் அப்படி இல்ல, அது துத்தநாக அயனியை வச்சு உடைக்குது. ஒட்டறதுக்கு அங்க செரினே இல்ல. அதனால 2015ல வந்த செஃப்டாசிடிம் அவிபாக்டம், 2017ல வந்த வாபோர்பாக்டம், 2019ல வந்த ரெலெபாக்டம், இந்த மூணு இன்ஹிபிட்டரும் என்டிஎம் முன்னாடி நிக்காது. அவிபாக்டம் மட்டும் ஆக்சா 48ஐ பிடிக்கும், மத்த ரெண்டுக்கு அதுவும் முடியாது. மூணும் கேபிசியை மனசுல வச்சு வந்த மருந்துங்க, ஏன்னா அங்க இருக்கற கிருமி அது, அங்க இருக்கற மார்க்கெட் அது.

என்டிஎம் இருக்குன்னு உலகத்துக்கு தெரிஞ்சது 2008ல, இந்தியாவுக்கு வந்துட்டுப் போன ஒரு ஸ்வீடன் நோயாளிகிட்ட. 2010ல லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ்ல வந்த பெரிய கட்டுரைக்கு முதல் ஆசிரியர் நம்ம சென்னைப் பல்கலைக்கழகத்து கார்த்திகேயன் குமாரசாமி, அதுல 44 கிருமி சென்னையில எடுத்தது. நம்ம ஊர்ல இது இருக்குன்னு நம்ம ஆளே எழுதி 15 வருஷத்துக்கு மேல ஆச்சு. நேரா என்டிஎம்மைப் பிடிச்சு முடக்கற இன்ஹிபிட்டர் ஒண்ணு இன்னும் எங்க ஆஸ்பத்திரி பார்மசியில இல்ல. அண்ணா கேட்ட கேள்விக்கு என்னோட பதில் பாதி இங்கயே இருக்குங்க.

மருந்துக்கடை_மூர்த்தி:

மேடம் சொல்றது சரிதான், ஆனா புது மருந்து புது மருந்துன்னு பேசறதுக்கு முன்னாடி கையில இருக்கறதை வீணாக்காம இருக்கணும்ங்க. 30 வருஷமா கவுண்டர்ல நிக்கறேன். ஜுரம்னு வந்து "அஞ்சு நாளைக்கு வேண்டாம், ரெண்டு நாளைக்கு மட்டும் குடுங்க, சரியாகலைன்னா வந்து வாங்கிக்கறேன்"னு கேக்கறவங்க இன்னைக்கும் தினம் வர்றாங்க. சீட்டு இல்லாம நான் குடுக்கறதில்ல, அடுத்த தெருவுல கிடைக்கும்னு போயிடறாங்க.

2012 ஆகஸ்ட்ல சென்னையில டாக்டர் அப்துல் கஃபூர் முன்நின்னு நாட்டு டாக்டர் சங்கங்களையெல்லாம் ஒண்ணா உக்கார வச்சு சென்னை பிரகடனம்னு கொண்டு வந்தாங்க. அதுல எனக்குப் பிடிச்சதே அவங்க ஒரேயடியா எல்லாத்தையும் தடை பண்ணச் சொல்லல, டாக்டரே இல்லாத கிராமத்துல அது நடக்காதுன்னு புரிஞ்சு, கடைசி கட்ட மருந்துகளையாவது முதல்ல காப்பாத்துங்கன்னு நடக்கற வழியைச் சொன்னாங்க. 2014 மார்ச்ல இருந்து ஷெட்யூல் ஹெச்1னு ஒரு சட்டப் பட்டியல் வந்துச்சு, 46 மருந்து, தனி ரெஜிஸ்டர், சீட்டு எழுதின டாக்டர் பேர், நோயாளி பேர் எல்லாம் எழுதணும். நான் எழுதறேன். ரெஜிஸ்டரைப் பாக்க வர்றவங்க வருஷத்துக்கு எத்தனை தடவை வர்றாங்கங்கறதை நான் இங்க எழுத விரும்பல. கேரளாவுல சீட்டு இல்லாம வித்தா நடவடிக்கைன்னு இறங்கி, ஆன்டிபயாடிக்கை நீலக் கவர்ல போட்டுக் குடுக்கற அளவுக்கு வந்துட்டாங்க. நம்ம ஊர்லயும் செய்யலாம், அதுக்கு எந்தக் கண்டுபிடிப்பும் தேவையில்ல.

மூன்றாம்வருடம்:

எல்லாருக்கும் வணக்கம், நான் பிஎஸ்சி மைக்ரோபயாலஜி. பேஜ் தெரபி பத்தி யாராவது சொல்லுங்களேன், பாக்டீரியாவைத் தின்ற வைரஸ் இருக்கும்போது நம்ம ஏன் கெமிஸ்ட்ரி பின்னாடியே ஓடறோம்? எங்க காலேஜ்ல ப்ராஜெக்ட்டுக்கு அது எடுக்கலாம்னு இருக்கேன்.

குமரி_ஆய்வாளன்:

தங்கச்சி, நல்ல தலைப்பு, எடு. நான் பேஜ் லேப்ல வேலை பாத்திருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோ.

முதல்ல இது நம்ம நாட்டு மண்ணுல தொடங்கின கதைன்னு தெரிஞ்சுக்கோ. 1896லயே எர்னஸ்ட் ஹான்கின் கங்கை, யமுனை தண்ணியில காலரா கிருமியைக் கொல்ற ஏதோ ஒண்ணு இருக்கு, கொதிக்க வச்சா அந்த சக்தி போயிருதுன்னு எழுதி வச்சாரு. அது பேஜா தான் இருக்கும்னு பின்னாடி வந்தவங்க நினைச்சாங்க. 1915ல ட்வோர்ட், 1917ல ஃபெலிக்ஸ் தெரேல் ரெண்டு பேரும் தனித்தனியா கண்டுபிடிச்சாங்க. தெரேல் 1920கள்ல இந்தியாவுக்கே வந்து காலராவுக்கு பேஜ் குடுத்துப் பாத்தாரு. ஜார்ஜியா நாட்டுல திபிலிசில ஜார்ஜி எலியாவா 1923ல ஒரு நிலையம் ஆரம்பிச்சாரு, 1937ல ஸ்டாலின் காலத்துல அவரையே சுட்டுக் கொன்னுட்டாங்க, ஆனா நிலையம் இன்னைக்கும் நடக்குது, உலகத்துல கைவிட்ட நோயாளிங்க அங்க போறாங்க, நம்ம நாட்டுல இருந்தும் போறாங்க.

கலிஃபோர்னியா சான் டியேகோவுல டாம் பேட்டர்சன்னு ஒரு பேராசிரியர், 2015 கடைசியில எகிப்து போன இடத்துல அசினெட்டோபாக்டர்ங்கற கிருமி தொத்தி எந்த மருந்தும் கேக்காம கோமாவுக்கு போயிட்டாரு. அவர் மனைவி ஸ்டெஃபனி ஸ்ட்ராத்டீ ஒரு தொற்றுநோயியல் ஆய்வாளர், அவங்களே உக்காந்து ஆராய்ச்சிக் கட்டுரை படிச்சு, ஊர் ஊரா லேப்க்கு எழுதி பேஜ் வாங்கி, 2016ல ரத்தத்துல ஏத்த வச்சாங்க. மனுஷன் எழுந்து வீட்டுக்குப் போனாரு. அப்புறம் இங்கிலாந்துல நுரையீரல் மாத்தின ஒரு 15 வயசுப் பொண்ணு, மைக்கோபாக்டீரியம் அப்செஸ்ஸஸ்ங்கற கிருமி தொத்தினவ, பிட்ஸ்பர்க்ல கிரஹாம் ஹேட்ஃபுல் லேப் மூணு பேஜ் அனுப்பிச்சு, அதுல மட்டின்னு பேர் வச்ச ஒண்ணு தென் ஆப்பிரிக்காவுல டர்பன்ல ஒரு அழுகின கத்தரிக்காயில இருந்து எடுத்தது. மாணவர்கள் பாடத்துக்காக சேகரிச்சு ஃப்ரீசர்ல வச்சிருந்தது ஒரு உயிருக்கு உதவிச்சு. உன்னை மாதிரி பிஎஸ்சி பசங்க வேலை சும்மா போகாதுங்கறதுக்கு இதைவிட சாட்சி வேணுமா.

சரி, ஆனா ஏன் எல்லா ஆஸ்பத்திரியிலயும் இல்ல? பேஜ் ரொம்ப குறிப்பா அடிக்கும். ஒரு க்ளெப்சியெல்லாவை அடிக்கற பேஜ் பல சமயம் பக்கத்து பெட் க்ளெப்சியெல்லாவை தொடவே தொடாது, அதோட மேலுறை வேற. அதனால ஒவ்வொருத்தருக்கும் தேடிப் பொருத்தணும், அதுக்குள்ள நோயாளி போயிடலாம். கிருமி பேஜுக்கும் எதிர்ப்பு வளத்துக்கும், சீக்கிரமே. தயாரிப்பும் லேசு இல்ல. ஃபிரான்ஸ், பெல்ஜியம்ல பேகோபர்ன்னு ஒரு முறையான சோதனை, தீக்காயத்துல வர்ற சூடோமோனாஸ் கிருமிக்கு. மருந்து தயார் பண்ணின பின்னாடி பாட்டில்ல இருந்தபடியே பேஜ் எண்ணிக்கை சரிஞ்சு போய், குடுக்க நினைச்சதுல ஆயிரத்துல ஒரு பங்கு கூட நோயாளிக்குப் போகல. சேந்தவங்களும் 27 பேர்தான். சாதாரண சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு அதைவிட வேகமா வேலை செஞ்சுச்சு. அதை வச்சு பேஜ் தோத்துப் போச்சுன்னு சொல்றவங்களோட எனக்கு சண்டை உண்டு, ஆனா ஒரு நோயாளி பொழைச்ச கதையை வச்சு எல்லாம் ஜெயிச்சாச்சுன்னு சொல்றவங்களோடயும் சண்டை உண்டு. பேஜை பெரும்பாலும் மருந்தோட சேத்து குடுக்கத்தான் இப்போ பாக்கறாங்க, பதிலா இல்ல.

ப்ராஜெக்ட்டுக்கு உங்க ஊர் சாக்கடைத் தண்ணியே போதும். உள்ளூர் க்ளெப்சியெல்லா ஸ்ட்ரெய்னை அடிக்கற பேஜ் பிடிச்சு, எத்தனை ஸ்ட்ரெய்னை அடிக்குதுன்னு கணக்கு எடு. அந்த கணக்குதான் இப்போ நமக்கு இல்ல.

பாண்டிமகன்:

இவ்வளவு விஷயம் தெரிஞ்சவங்க இருக்கீங்க, அதனால எழுதறேன். எங்க அப்பாவுக்கு போன வருஷம் ஆபரேஷனுக்கு அப்புறம் ரத்தத்துல க்ளெப்சியெல்லா வந்துச்சு. ரிப்போர்ட்ல வரிசையா ஆர் ஆர் ஆர்னு (அந்த மருந்து கேக்காதுன்னு அர்த்தம்) இருந்துச்சு, கோலிஸ்டின்னு ஒரு மருந்து மட்டும் குடுக்கலாம்னாங்க. குடுத்தாங்க, கிருமி போச்சு, கிட்னி போச்சு, மூணு வாரம் டயாலிசிஸ். இப்போ கிட்னி ஓரளவு திரும்பியிருக்கு, ஆனா யூரின் ட்யூப் இன்னும் இருக்கு, காய்ச்சல் வரும்போதெல்லாம் வீடே நடுங்குது. அந்த நேரத்துல ஒரு டாக்டர் வேற ஒரு புது மருந்து இருக்கு, ஆனா இங்க இல்ல, வாங்கினாலும் ஒரு நாளைக்கு ஆகற செலவு உங்களால முடியாதுன்னு சொன்னாரு. அந்த மருந்து பேரு கூட எனக்குத் தெரியல. மறுபடி வந்தா நான் என்ன கேக்கணும் யாரைக் கேக்கணும்?

வேளச்சேரி_காயத்ரி:

பாண்டிமகன் அண்ணா, அப்பா நல்லா ஆகட்டும். உங்க கேள்விக்கு லேப் அக்கா பதில் சொல்றது சரியா இருக்கும். நான் மருந்து சோதனை ஒருங்கிணைக்கற வேலையில இருக்கேன், உங்க அப்பாவுக்கு நடந்தது தனி ஒரு வீட்டுக் கதை இல்லங்கறதை மட்டும் சொல்றேன். 2019ல எட்டு நாட்டுல கார்பபெனம் கேக்காத தொற்று எவ்வளவு, அதுக்கு பொருத்தமான மருந்து எவ்வளவு வாங்கினாங்கன்னு ஒப்பிட்டு ஒரு கணக்கு 2025ல வந்துச்சு. 15 லட்சம் தொற்று, பொருத்தமான மருந்து போய் சேந்தது 6.9 சதவீதம். இந்தியா மட்டும் 7.8 சதவீதம். மூர்த்தி சார் சொல்ற மாதிரி தேவையில்லாம தின்றதும் நம்ம நாடுதான், தேவையானவருக்கு கிடைக்காததும் நம்ம நாடுதான். ரெண்டையும் சேத்துப் பேசினாதான் நியாயம். வெறும் கட்டுப்பாடு மட்டும் பேசினா பாண்டிமகன் அப்பா மாதிரி ஆளுங்க கணக்குலயே வர மாட்டாங்க.

சோதனை பக்கம் ஒண்ணு சொல்றேன். ப்ளாசோமைசின்னு ஒரு மருந்து, அச்சாஜென்னு கலிஃபோர்னியா கம்பெனி. கார்பபெனம் கேக்காத கிருமி உள்ளவங்ககிட்டயே நேரா சோதிச்சுப் பாக்கலாம்னு துணிஞ்சாங்க. பல நாட்டுல ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா தேடி கடைசியில சேந்தது 39 பேர். சோதனையைப் பாதியில நிறுத்த வேண்டியதா போச்சு. எஃப்டிஏவும் 2018ல சிறுநீர்த் தொற்றுக்கு மட்டும் அனுமதி குடுத்துட்டு, ரத்தத் தொற்றுக்கு ஆதாரம் பத்தாதுன்னு சொல்லிருச்சு. அங்க அந்த நோயாளிங்க கம்மி. நம்ம ஊர்ல ஒரு பெரிய ஐசியுவுல நின்னா அந்த 39 பேர் சீக்கிரமே கிடைச்சிருவாங்க, அது பெருமை இல்ல, வயித்தெரிச்சல். ஆனா சோதனை இங்க நடந்தா, எந்த நோயாளிக்கு மருந்து வேணுமோ அவங்ககிட்டயே வேலை செய்யுதான்னு தெரியும்.

ஓய்வு_சுகாதாரஆய்வாளர்:

காயத்ரி அம்மா, இதை நான் ஒத்துக்க மாட்டேன். இந்த நாட்டுல ஏழைகளை வச்சு சோதனை பண்றது எப்படி நடந்துச்சுன்னு பாத்தவன் நான். 2009ல ஆந்திராவுல கம்மத்துலயும் குஜராத்துல வதோதராவுலயும் பழங்குடி, ஏழைப் பொண்ணுங்களுக்கு ஹெச்பிவி (கர்ப்பப்பை வாய் புற்றுநோய் தடுப்பு) ஊசி திட்டம்னு போட்டாங்க, பெத்தவங்க சம்மதம் பல இடத்துல முறையா வாங்கல, ஹாஸ்டல் வார்டன் கையெழுத்து போட்டிருந்தாங்க. 2010ல நிறுத்தினாங்க. ஐசியுவுல மூச்சு முட்டிக் கிடக்கற ஆளோட பொண்டாட்டி கிட்ட 20 பக்க ஃபாரத்தை நீட்டினா அது சம்மதமா? மருந்து அங்க விக்கறதுக்கு, உடம்பு இங்க இருந்தா?

வேளச்சேரி_காயத்ரி:

ஐயா, நீங்க சொன்ன கம்மம் விஷயம் எங்க வேலையில சேர்ற ஒவ்வொருத்தரும் படிச்சே ஆகணும்னு நினைக்கறவ நான். அதுக்கு அப்புறம் 2013ல உச்ச நீதிமன்றம் தலையிட்டதுல வீடியோ பதிவோட சம்மதம் வாங்கற முறை வந்துச்சு, 2019 விதிகள்ல பாதிப்பு வந்தா இழப்பீடு, சோதனை முடிஞ்ச பின்னாடியும் தேவைப்பட்டா அந்த மருந்தைத் தரணும்னு இருக்கு. விதி காகிதத்துல இருக்கறதும் வார்டுல நடக்கறதும் வேறன்னு நீங்க சொல்வீங்க, அதுக்காகத்தான் நெறிமுறைக் குழு கேள்வி கேக்கற குழுவா இருக்கணும்.

ஆனா நீங்க சுகாதாரத் துறையில இருந்தவர், சேத்துப்பட்டு உங்களுக்குத் தெரியாம இருக்காது. 1956ல அங்க டிபி ஆராய்ச்சி மையம் ஆரம்பிச்சாங்க. டிபின்னா சானடோரியத்துல படுக்க வச்சு மாசக் கணக்குல நல்ல சாப்பாடு, ஓய்வு குடுக்கணும்னு உலகமே நம்பின காலம். மெட்ராஸ்ல நெரிசலான வீட்டுல இருந்த ஏழை நோயாளிங்களை வச்சு, வீட்லயே மாத்திரை சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகுது, வீட்ல இருக்கறவங்களுக்கு கூடுதலா தொத்தலைன்னு 1959ல நிரூபிச்சாங்க. உலகம் முழுக்க டிபி வைத்தியம் மாறினது அதுக்கு அப்புறம்தான். அதுவும் நம்ம மக்களை வச்சு நடந்த சோதனைதான், ஆனா கேள்வி நம்ம மக்களோட கேள்வி, பதிலும் அவங்களுக்கே கிடைச்சுச்சு. நான் கேக்கறது அந்த மாதிரி சோதனை.

ஓய்வு_சுகாதாரஆய்வாளர்:

சேத்துப்பட்டு சரிதான் அம்மா. அது அரசாங்கம் நடத்தினது, லாபக் கணக்கு இல்ல, அதையும் சேத்து சொல்லணும். மருந்து கேக்காத டிபிக்கு மாசக் கணக்குல கனாமைசின் ஊசி போட்டு காது போன பசங்களை வீடு வீடா போய் பாத்தவன். இப்போ பெடாகுவிலின், ப்ரெட்டோமனிட், லினசோலிட், மாக்சிஃப்ளாக்சசின்னு ஆறு மாசத்துல மாத்திரையிலயே முடியுது, 2024ல நம்ம நாட்டுலயும் அனுமதிச்சாங்க. அந்த பெடாகுவிலினுக்கு காப்புரிமையை நீட்டிக்கக் கேட்ட கம்பெனிக்கு 2023 மார்ச்ல நம்ம பேடன்ட் ஆபீஸ் முடியாதுன்னு சொல்லிச்சு, எதிர்த்து மனு போட்டவங்க டிபியில இருந்து பொழைச்ச ரெண்டு பொண்ணுங்க. சோதனை நடத்துங்க, ஆனா விலை என்ன, இங்க கிடைக்குமாங்கறதை ஆரம்பிக்கும்போதே எழுதி வாங்குங்க. அதுதான் என் நிபந்தனை.

ஓஎம்ஆர்_வேதியன்:

ஐயாவோட நிபந்தனை எனக்கு முழு சம்மதம். காயத்ரி சொன்ன அச்சாஜென் கதையோட மிச்சத்தையும் நான் சொல்லிர்றேன், ஏன்னா என் முதல் கேள்விக்கு மீதி பதில் அதுல இருக்கு. 2018 ஜூன்ல எஃப்டிஏ அனுமதி, 2019 ஏப்ரல்ல கம்பெனி திவால். பத்து மாசம். மருந்து கெட்டது இல்ல, உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியல்லயே சேத்துச்சு. முதல் வருஷ விற்பனை ஒரு மில்லியன் டாலர் கூடத் தேறல. ஏன்னா நல்ல டாக்டர் என்ன பண்ணுவாரு, புது ஆன்டிபயாடிக்கை பூட்டி வச்சு கடைசிக்குத்தான் எடுப்பாரு. அது மருத்துவத்துக்கு சரி, கம்பெனிக்கு சாவு. சர்க்கரை மாத்திரை வாழ்க்கை முழுக்க ஓடும், ஆன்டிபயாடிக் ஏழு நாள். பெரிய கம்பெனிங்க ஒண்ணு ஒண்ணா இந்தத் துறையை விட்டே போயிட்டாங்க, அங்க இருந்த கெமிஸ்ட்ங்க கேன்சர் மருந்துக்குப் போயிட்டாங்க, அந்த அனுபவம் ஒரு தலைமுறையோட போயிரும். அச்சாஜென் மருந்தை ஏலத்துல வாங்கினது யாருன்னா நம்ம சிப்லாவோட அமெரிக்கக் கிளை.

இங்கிலாந்து 2022ல வேற வழியை ஆரம்பிச்சாங்க. செஃபிடெரகால், செஃப்டாசிடிம் அவிபாக்டம்ங்கற ரெண்டு ஆன்டிபயாடிக்குக்கும் எத்தனை பாட்டில் ஓடுதுங்கற கணக்கே இல்லாம, வருஷத்துக்கு ஒவ்வொண்ணுக்கும் ஒரு கோடி பவுண்ட் வரைக்கும் நிலையான தொகை. கேக்க புதுசா இருக்கலாம், நம்ம கிராமத்துல காவல்காரருக்கு களத்துல நெல் அளந்தது இதே கணக்குதான், இந்த வருஷம் திருடன் வந்தானா இல்லையான்னு கேட்டு யாரும் மரக்காலைக் குறைக்க மாட்டாங்க. அமெரிக்காவுல இதே மாதிரி பாஸ்டர் சட்டம்னு கொண்டு வந்து பல வருஷமா நிறைவேறாமயே கிடக்குது. நம்ம நாடு என்ன செய்யலாம்னா, தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் மாதிரி மொத்தமா வாங்கற அமைப்பு ஏற்கனவே நம்ம கிட்ட இருக்கு, அது வருஷத்துக்கு இவ்வளவுன்னு உத்தரவாதம் குடுத்து, பதிலுக்கு விலையையும் யாருக்குப் போடணுங்கற கட்டுப்பாட்டையும் கையில வச்சுக்கலாம். மூர்த்தி சார் கவலையும் பாண்டிமகன் கவலையும் ஒரே ஒப்பந்தத்துல வரும். செஃபிடெரகாலைக் குறைஞ்ச விலையில நம்ம மாதிரி நாடுகளுக்குத் தயாரிக்கற உரிமையை கார்ட்பிங்கற லாப நோக்கில்லாத அமைப்பு வழியா இப்போ வாங்கியிருக்கறதும் ஆர்க்கிட் தான், மூழ்கி எழுந்த அதே கம்பெனி.

கொங்குலேப்:

மரக்கால் கணக்கு எங்க பாட்டியும் சொல்லுவாங்கண்ணா.

என்டிஎம்முக்கு என்ன வருதுன்னு மட்டும் சொல்லிர்றேன், பாண்டிமகன் தம்பிக்கும் சேத்து. அஸ்ட்ரியோனம்னு ஒரு பழைய மருந்து, அதை என்டிஎம்மால உடைக்க முடியாது. ஆனா கூடவே இருக்கற இஎஸ்பிஎல் உடைச்சிரும். அதனால அஸ்ட்ரியோனத்தோட அவிபாக்டத்தை சேத்தா, அவிபாக்டம் இஎஸ்பிஎல்லைப் பாத்துக்கும், அஸ்ட்ரியோனம் தப்பிக்கும். இதைத்தான் நம்ம ஐசியு டாக்டர்ங்க பல வருஷமா செஃப்டாசிடிம் அவிபாக்டம் ஒரு கையில, அஸ்ட்ரியோனம் இன்னொரு கையில ஏத்தி சமாளிக்கறாங்க. 2024ல ஐரோப்பாவுலயும் 2025ல அமெரிக்காவுலயும் அதையே ஒரே மருந்தா அனுமதிச்சுட்டாங்க.

ஆனா இங்கதான் நான் முதல்ல சொன்ன விஷயம் மறுபடி வருது. நம்ம ஊர் ஈகோலைல, செல் சுவர் கட்டற பிபிபி3ங்கற புரதத்துல நாலு அமினோ அமிலம் கூடுதலா நுழைஞ்சிருக்கற வகை நிறைய இருக்கு. அஸ்ட்ரியோனம் போய் ஒட்ட வேண்டிய இடமே அந்த பிபிபி3 தான், அங்க இடம் மாறினா சரியா ஒட்டாது. வேலூர் சிஎம்சி குழு இதைப் பத்தி தொடர்ந்து எழுதியிருக்காங்க. வெளிநாட்டு கிருமியில அழகா வேலை செய்யற கூட்டு, நம்ம ஈகோலைல தடுமாறுது. வோக்ஹார்ட் கம்பெனியோட சிடெபாக்டம் இதுக்கு வேற வழி எடுக்குது, அது என்டிஎம்மை முடக்கறதே இல்ல, பிபிபி2ன்னு வேற ஒரு புரதத்துல போய் அதுவே அடிக்குது, அதே நேரம் கூட வர்ற செஃபிபைம் பிபிபி3ல அடிக்குது, ரெண்டு பக்க அடியில கிருமி தாங்க மாட்டேங்குது. இது இந்திய லேப்ல இந்தியக் கிருமியைப் பாத்துக்கிட்டே உருவாக்கின மூலக்கூறு. மூணாம் கட்ட சோதனையும் முடிச்சுட்டாங்க. என்னோட பெஞ்சுல நிக்கற ஆளுக்கு இது எவ்வளவு நம்பிக்கைன்னு சொல்லி முடியாது.

அசினெட்டோபாக்டருக்கு ரோஷ் கம்பெனி சோசுரபால்பின்னு ஒண்ணு கொண்டு வர்றாங்க, 2024 நேச்சர்ல வந்துச்சு. கிருமி தன் வெளிச்சுவர்ல பூசற கொழுப்புச் சர்க்கரையை உள்ள இருந்து வெளிய தூக்கிட்டுப் போற வழியையே அடைச்சிருது, அது உள்ளயே சேந்து கிருமி சாகுது. புது வழி, ஆனா அசினெட்டோபாக்டருக்கு மட்டும்.

இப்போ தம்பி, உங்க அப்பா விஷயம். நான் டாக்டர் இல்ல, லேப்ல என்ன கேட்டு வாங்கலாம்னு சொல்றேன். பழைய கல்ச்சர் (கிருமியை வளத்துப் பாக்கற டெஸ்ட்) ரிப்போர்ட்டை போன்ல படம் எடுத்து வச்சுக்குங்க, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல்லயே காட்டுங்க, முன்னாடி இந்தக் கிருமி இருந்துச்சுன்னு சொல்லுங்க. காய்ச்சல் வந்தா முதல் டோஸ் ஆன்டிபயாடிக் போறதுக்கு முன்னாடி ரத்தக் கல்ச்சர் எடுக்கச் சொல்லுங்க, ஆனா அதுக்காக மருந்தை மணிக்கணக்கா தள்ளிப்போட விடாதீங்க. கிருமி வளந்துச்சுன்னா "எந்த கார்பபெனமேஸ், என்டிஎம்மா ஆக்சாவா"ன்னு கேளுங்க, சின்ன கிட் தான், கர்ப்பம் பாக்கற அட்டை மாதிரி கோடு விழும், கால் மணி நேரத்துல தெரியும். அது தெரிஞ்சாதான் எந்த கூட்டு மருந்துன்னு டாக்டர் முடிவு பண்ண முடியும். தொற்றுநோய் டாக்டர் ஒருத்தர்கிட்ட கருத்து வாங்கித் தரச் சொல்லிக் கேக்கறது உங்க உரிமை. இன்னொண்ணு, ட்யூப் இருக்கறவங்க யூரின்ல கிருமி கிட்டத்தட்ட எப்பவும் இருக்கும், காய்ச்சல் இல்லாம, தொந்தரவு இல்லாம சும்மா யூரின் கல்ச்சர் குடுக்காதீங்க, அந்த ரிப்போர்ட்டைப் பாத்து தேவையில்லாம மருந்து ஏறும். ட்யூபை எப்போ எடுக்கலாம்னு ஒவ்வொரு தடவையும் கேளுங்க.

பாண்டிமகன்:

அக்கா, ரிப்போர்ட்டைத் தேடி எடுத்துட்டேன். கீழ கடைசி வரியில "என்டிஎம் பாசிட்டிவ், ஆக்சா 48 பாசிட்டிவ்"னு இருக்கு, இத்தனை நாளா அது என்னன்னே தெரியாம இருந்தேன். வர்ற வியாழக்கிழமை யூராலஜி டாக்டரைப் பாக்கறோம், ட்யூப் விஷயமும் கேக்கறேன்.

கொங்குலேப்:

அந்த வரியை டாக்டர்கிட்ட கண்டிப்பா காட்டுங்க தம்பி. ரெண்டும் இருக்கறதால அஸ்ட்ரியோனம் அவிபாக்டம் கூட்டுக்கு கேக்குதான்னு லேப்ல தனியா பாக்க முடியும், எல்லா லேப்லயும் வழக்கமா போட மாட்டாங்க, டாக்டர் எழுதிக் கேட்டா போடுவாங்க. வியாழக்கிழமை என்ன சொன்னாங்கன்னு வந்து எழுதுங்க.